மெதுவான கணினியில் பெயர் தெரியாத டெம்ப் கோப்புகள்: அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

"தம்பி, டெம்ப் போல்டருக்குள்ள பேர் தெரியாத பைல் ஆயிரக்கணக்கில கிடக்கு. அதாலதானோ கொம்பியூட்டர் இப்பிடி இழுபடுது?"

திருகோணமலை நகரில் நான் கணினி திருத்தும் சிறு கடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது கேட்கும் கேள்வி இது. டெம்ப் கோப்பு என்பது மென்பொருள்கள் வேலை நடுவே தற்காலிகமாக எழுதிவைக்கும் கோப்பு. உவர்மலையில் இருந்து வரும் ஓய்வுபெற்ற ஐயாவும் கேட்பார், கிண்ணியாவில் இருந்து ஒப்படை வேலையோடு வரும் பிள்ளையும் கேட்கும். பாதிப் பேர் எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டு, அப்புறம்தான் கேட்க வருகிறார்கள்.

அப்படி அழிப்பதன் விலை என்ன என்று ஒரு ரீச்சரின் பென் டிரைவில்தான் நான் கற்றுக்கொண்டேன். 2022ஆம் ஆண்டு, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம். மூதூரில் இருந்து மடிக்கணினியையும் பென் டிரைவையும் கொண்டுவந்து, "சரியான ஸ்லோவா இருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். நானும் வழக்கம்போல டெம்ப் கோப்புகளை எல்லாம் துடைத்தேன், பென் டிரைவில் கிடந்தவற்றையும் சேர்த்து. அதன் பிறகுதான் அவர் கேட்டார்: "பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில சேவ் பண்ணேக்க கரண்ட் போட்டுது. அந்தத் தவணைப் பரீட்சைப் பேப்பரை எடுக்கலாமோ?" நான் அழித்த ஒரு டெம்ப் கோப்புக்குள்தான் அந்த வினாத்தாள் இருந்தது. பென் டிரைவில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. மீட்பு மென்பொருள் போட்டும் பாதிதான் திரும்பியது. மீதியை அவர் இரவிரவாக மறுபடி தட்டச்சு செய்தார். அன்றிலிருந்து நான் மாற்றாமல் பின்பற்றும் ஒழுங்கைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

படி 1: எதையும் அழிக்காமல், வேகம் எங்கே போகிறது என்று பாருங்கள்

டிஸ்க்கில் சும்மா கிடக்கும் கோப்பு ரெம் நினைவகத்தைத் தின்பதில்லை, புரொசசருக்கு வேலை கொடுப்பதும் இல்லை. பத்தாயிரம் டெம்ப் கோப்பு இருந்தாலும், சி டிரைவில் தாராளமாக இடம் இருந்தால் கணினியின் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. டிரைவ் நிரம்பி வழியும்போதுதான் தொல்லை தொடங்கும். ரெம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் ஒரு பகுதியைத் துணை நினைவகமாக எடுக்கும். அதற்கு இடம் இராது. அப்டேட் இறங்கவும் இடம் இராது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரே கோப்பு பல துண்டுகளாகச் சிதறும். சுழலும் பாகம் இல்லாத புதிய வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி ஆனாலும் நிரம்பினால் எழுதும் வேகம் விழும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்ற மூன்று நெடுவரிசைகளையும் ஐந்து நிமிடம் பொறுமையாகக் கவனியுங்கள். கணினியைத் திறந்தவுடன் பார்த்தால் எல்லாமே உச்சத்தில் நிற்கும், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் டிஸ்க் 100 வீதத்தில் நிற்கிறது, சி டிரைவிலோ பாதி இடம் காலி என்றால் டெம்ப் கோப்புகள் குற்றவாளிகள் இல்லை. மெமரி 90 வீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றாலும் அப்படித்தான். பெயரே கேள்விப்படாத ஒரு நிரல் சிபியுவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் பெயரைக் குறித்துவையுங்கள். படி 5இல் தேவைப்படும்.

சி டிரைவில் எத்தனை ஜிபி காலி என்பதையும் ஒரு தாளில் எழுதுங்கள். கடைசியில் ஒப்பிட இந்த எண் வேண்டும்.

படி 2: மறைந்திருப்பதை வெளியே கொண்டுவாருங்கள்

ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனுவுக்குப் போய், கோப்புப் பெயரின் நீட்சியை, அதாவது கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை, காட்டும் தெரிவையும் மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவையும் இயக்குங்கள். விண்டோஸ் 11இல் இவை வியூவுக்குள் ஷோ என்ற உட்பிரிவில் இருக்கும். நீட்சி தெரியாமல் கோப்பை அடையாளம் காண்பது, உறையின் முகவரியைப் பார்க்காமல் கடிதம் யாருக்கு என்று சொல்வது போல.

பின்பு விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்துங்கள். வரும் சிறு பெட்டியில் சதவீதக் குறி, டெம்ப் என்ற சொல்லின் நான்கு ஆங்கில எழுத்துகள், மறுபடி சதவீதக் குறி. இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். உங்கள் பெயரில் இருக்கும் டெம்ப் போல்டர் திறக்கும். முழுக் கணினிக்கும் பொதுவான இன்னொரு டெம்ப் போல்டர், சி டிரைவில் விண்டோஸ் போல்டருக்குள் இருக்கிறது. அதைத் திறக்க அனுமதி கேட்கும், கொடுக்கலாம்.

திறந்த பின் டீடெய்ல்ஸ் பார்வைக்கு மாற்றி, திகதிப்படி வரிசைப்படுத்துங்கள். கலைந்து கிடந்த கூட்டம் வரிசையில் வந்து நிற்பது போல இருக்கும்.

படி 3: யாருடைய கோப்பு?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். எங்கே கிடக்கிறது, பெயர் எப்படித் தொடங்குகிறது, எவ்வளவு பெரியது, எந்த நேரத்தில் உருவானது: நான்கையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலான கோப்புகள் தாங்களே தங்கள் சொந்தக்காரரைச் சொல்லிவிடும்.

வேர்டில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் எங்கள் ஊரில் அதிகம் இழக்கப்படுவது அங்கேதான். நீங்கள் ஒரு வேர்ட் ஆவணத்தைத் திறந்ததும், அதே போல்டரில் அலைக்குறியும் (~) டொலர் குறியும் முன்னால் நிற்கும் ஒரு மறைகோப்பு உருவாகும். பெயர் நீளமாக இருந்தால் முதல் இரண்டு எழுத்துகளின் இடத்தை அந்தக் குறிகள் பிடித்துக்கொள்ளும். அளவு வழக்கமாக 162 பைட் மட்டுமே. யார் இந்த ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கிறார் என்ற குறிப்பைத் தவிர அதற்குள் உங்கள் எழுத்து ஒரு வரிகூட இல்லை. ஆவணத்தை மூடியதும் தானாக மறையும். கரண்ட் போனால் மட்டும் அப்படியே தங்கிவிடும். ஆவணத்தை மூடிய பிறகு அழிக்கலாம். சில பிள்ளைகள் ஒப்படை என்று நினைத்து இந்த 162 பைட் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுவந்து தருவார்கள். அதில் இருந்து எதையும் மீட்க முடியாது. உண்மையான ஆவணம் வீட்டுக் கணினியில்தான் இருக்கும், போய் எடுத்துவரச் சொல்வேன்.

அலைக்குறியோடு டபிள்யூ, ஆர், எல் என்ற மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் சேர்ந்து, டிஎம்பி நீட்சியோடு ஒரு கோப்பு கிடந்தால் கையை எடுத்துவிடுங்கள். வேர்ட் சேமிக்கும் முறை இப்படி: புதிய பிரதியை முதலில் டபிள்யூ, ஆர், டி எழுத்துகள் கொண்ட தற்காலிகக் கோப்பாக எழுதும், பழைய பிரதியின் பெயரை டபிள்யூ, ஆர், எல் என்று மாற்றும், புதியதற்கு உங்கள் ஆவணத்தின் பெயரைச் சூட்டும், கடைசியாகப் பழையதை அழிக்கும். இந்த நான்கு அடிக்கு நடுவில் கரண்ட் போனாலோ, பென் டிரைவைப் பிடுங்கினாலோ, உங்கள் வேலையின் ஒரே பிரதி அந்த டிஎம்பி கோப்பாக நின்றுவிடும். ரீச்சரின் வினாத்தாளும் இப்படித்தான் நின்றது.

மீட்கும் வழி எளிது. கோப்பை டெஸ்க்டொப்புக்குப் பிரதி எடுங்கள், மூலத்தைத் தொட வேண்டாம். பிரதியின் நீட்சியை டிஎம்பியில் இருந்து வேர்ட் நீட்சிக்கு (டிஓசிஎக்ஸ்) மாற்றித் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் வேர்டுக்குள் போய் ஓபன் பெட்டியில், எந்தக் கோப்பில் இருந்தும் எழுத்தை மட்டும் மீட்கும் தெரிவை எடுத்துத் திறக்கலாம். இந்த வழியில் வடிவமைப்பு எல்லாம் கழன்று வெறும் எழுத்து மட்டும் வரும். இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் என்றால், மீண்டு வருவது தமிழாகத் தெரியாது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். வைரஸ் தின்றுவிட்டது என்று அதை மூடி எறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் தெரிவுசெய்து எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றுங்கள், தமிழ் அப்படியே எழுந்து நிற்கும்.

எக்செல் வேறு விதம். சேமிக்கும்போது அதே போல்டரில் எட்டு எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு பெயரில், நீட்சியே இல்லாமல் ஒரு கோப்பை எழுதும். பிறகு அதற்கு உண்மையான பெயரை வைக்கும். சம்பளப் பட்டியலோ புள்ளிப் பட்டியலோ காணாமல் போய், பக்கத்தில் இப்படி ஒரு பெயரில்லாப் பிள்ளை கிடந்தால், பிரதி எடுத்து எக்செல் நீட்சியை (எக்ஸ்எல்எஸ்எக்ஸ்) சேர்த்துத் திறந்து பாருங்கள். பல தடவை முழுப் பட்டியலும் உள்ளே இருந்திருக்கிறது.

குரோமிலும் எட்ஜிலும் இறங்கி முடியாத கோப்புக்கு சிஆர்டவுன்லோட் என்ற நீட்சி இருக்கும். ஃபயர்பொக்ஸில் பார்ட் என்று இருக்கும். டவுன்லோட் நடக்காத நேரத்தில், பழைய திகதியோடு கிடந்தால் தயங்காமல் அழிக்கலாம்.

ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு: திருமண அல்பமும் பூப்புனித நீராட்டு அல்பமும் செய்யும் கணினியில் சி டிரைவ் திடீரென நிரம்பினால், போட்டோஷொப் டெம்ப் என்று தொடங்கி எண்ணில் முடியும் கோப்புகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் பல ஜிபி இருக்கலாம். போட்டோஷொப் ஒழுங்காக மூடினால் தானே துடைத்துவிடும். நடுவில் உறைந்து நின்றால் அப்படியே விட்டுவிடும். போட்டோஷொப்பை மூடிவிட்டு அழியுங்கள். வீடியோ வெட்டுபவர்கள் பிரீமியரின் மீடியா கேஷ் போல்டரையும் பார்க்க வேண்டும், அங்கேயும் மலைபோலக் குவியும்.

அச்சும் போட்டோக்கொப்பியும் எடுக்கும் கொமினிகேஷன் கடைகளில் பிரிண்டர் நின்றுபோய், கணினியும் சேர்ந்து இழுபட்டால், விண்டோஸின் சிஸ்டம்32 போல்டரில் ஸ்பூல் என்பதற்குள் இருக்கும் பிரிண்டர்ஸ் போல்டரைப் பாருங்கள். எஸ்பிஎல், எஸ்எச்டி நீட்சிகளோடு கிடப்பவை வரிசையில் சிக்கிய அச்சு வேலைகள். சேவைகள் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, அவற்றை அழித்து, மறுபடி இயக்கினால் போதும். அந்த போல்டரின் உள்ளே இருப்பதை மட்டும் அழியுங்கள், போல்டரை விட்டுவிடுங்கள்.

பென் டிரைவில் ஃபவுண்ட் என்ற பெயரும் மூன்று பூச்சியமும் கொண்ட போல்டரும், அதற்குள் சிஎச்கே நீட்சியுள்ள கோப்புகளும் இருந்தால், டிஸ்க்கைச் சோதித்தபோது விண்டோஸ் பொறுக்கியெடுத்த அநாதைத் துண்டுகள் அவை. தொலைந்த படங்களைத் தேடுகிறீர்கள் என்றால், ஒரு பிரதி எடுத்து நீட்சியை ஜேபிஜி என்று மாற்றிப் பாருங்கள். சில படங்கள் திறக்கும். தேடுவதற்கு எதுவும் இல்லையென்றால் அழிக்கலாம்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடும் கணினிகளில் ஒரு விசேட நோய் உண்டு. விண்டோஸ் டெம்ப் போல்டரில் கேப் என்ற மூன்று எழுத்தோடும் அடிக்கோட்டோடும் தொடங்கும் பெரிய கோப்புகள் நாளுக்கு நாள் பெருகும். விண்டோஸ் தன் அப்டேட் வேலைகளைக் குறித்துவைக்கும் சிபிஎஸ் பதிவுக் கோப்பு 2 ஜிபியைத் தாண்டினால், அதைச் சுருக்கும் முயற்சி தோற்கும். தோற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கேப் கோப்பு மிஞ்சும். கேப் கோப்புகளை மட்டும் அழித்தால் அடுத்த நாளே திரும்ப வரும். விண்டோஸ் மொடியூல்ஸ் இன்ஸ்டோலர் சேவையை நிறுத்திவிட்டு, லொக்ஸ் போல்டருக்குள் சிபிஎஸ் என்ற உட்போல்டரில் வீங்கிக் கிடக்கும் பதிவுக் கோப்பையும் சேர்த்து அழிக்க வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14இலேயே முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தக் கணினியில் வங்கி வேலை செய்ய வேண்டாம்.

படி 4: இப்போது யார் பிடித்து வைத்திருக்கிறார்?

மேலே சொன்ன எதிலும் அடங்காத கோப்பு இருந்தால், எல்லா நிரல்களையும் மூடி, கணினியை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஷட் டவுன் போதாது. விண்டோஸ் 10, 11இல் பல கணினிகள் ஷட் டவுன் செய்யும்போது தன் நிலையில் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, அடுத்த நாள் அதில் இருந்தே தொடரும். மறுபடி வந்ததும் டெம்ப் போல்டரைத் திகதிப்படி பாருங்கள். இன்று காலைத் திகதியோடு அதே வகைக் கோப்பு மறுபடி முளைத்திருந்தால், கணினி தொடங்கும்போது தானாக ஓடும் ஏதோ ஒரு நிரல் அதை உருவாக்குகிறது.

அது எது என்று அறிய, ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மொனிட்டரைத் தேடித் திறந்து, சிபியு பக்கத்தில் அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற தேடல் பெட்டியில் அந்தக் கோப்பின் பெயரில் ஒரு பகுதியைத் தட்டுங்கள். கோப்பைப் பிடித்து வைத்திருக்கும் நிரலின் பெயர் கீழே வரும். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டுமானால் சிஸ்இன்டேர்னல்ஸின் புரொசஸ் எக்ஸ்புளோரர் இருக்கிறது. 2006இல் மைக்ரோசொஃப்ட் வாங்கிக்கொண்ட அந்தக் கருவித் தொகுப்பு இன்றும் இலவசம், நம்பலாம்.

படி 5: சந்தேகம் வந்தால்

டெம்ப் போல்டரில் ஓடக்கூடிய கோப்பு, அதாவது ஈஎக்ஸ்ஈ, எஸ்சிஆர், விபிஎஸ், ஜேஎஸ் நீட்சிகள் இருந்தால், குறிப்பாகப் படி 1இல் குறித்த பெயரில் இருந்தால், நிதானமாகப் பாருங்கள். உடனே பயப்பட வேண்டாம்: புதிய மென்பொருளை நிறுவும்போது அதன் பாகங்கள் டெம்ப் போல்டரில்தான் விரிக்கப்படும். நீங்கள் எதையும் நிறுவாத நாளில் உருவானது, பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் கோவை, ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் திரும்ப வருகிறது என்றால்தான் சந்தேகிக்க வேண்டும். கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து புரொப்பட்டீஸ் திறந்து பாருங்கள். டிஜிட்டல் கையொப்பப் பக்கம் இருந்து, தெரிந்த நிறுவனத்தின் பெயரும் கையொப்பம் செல்லும் என்ற குறிப்பும் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கையொப்பம் இல்லை என்பதற்காக மட்டும் வைரஸ் என்றும் முடிவுகட்ட முடியாது. எதுவானாலும் இருமுறை சொடுக்கித் திறந்து பார்க்க வேண்டாம்.

படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி என்றும் அதற்குப் பின்னால் ஈஎக்ஸ்ஈ என்றும் இரண்டு நீட்சி இருந்தால் அது படமே இல்லை. படி 2இல் நீட்சியைக் காட்டச் சொன்னது இதற்காகத்தான்.

விண்டோஸ் செக்கியூரிட்டியைத் திறந்து அந்தக் கோப்பைச் சோதியுங்கள். அப்புறம் ஸ்கேன் தெரிவுகளில், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேனை ஓட விடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழும்புவதற்கு முன் சோதிக்கும். ஏறத்தாழ கால் மணித்தியாலம் எடுக்கும். ஒளிந்து ஓடும் வைரஸ் அந்த நேரத்தில் ஓட முடியாது. நடுவில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். இரண்டாவது அபிப்பிராயம் வேண்டுமென்றால் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றலாம், பல பாதுகாப்பு நிறுவனங்களின் முடிவுகள் ஒரே பக்கத்தில் வரும். அங்கே ஏற்றுவது மற்றவர்களோடும் பகிரப்படும். அடையாள அட்டைப் பிரதி, மருத்துவ அறிக்கை, அலுவலகக் கடிதம் எதையும் ஏற்ற வேண்டாம்.

பென் டிரைவைத் திறந்ததும் எல்லா போல்டரும் ஒரு கேபி, இரண்டு கேபி ஷோர்ட்கட்டாக மாறியிருப்பது இங்கே மிகச் சாதாரணம். ஒரே பென் டிரைவ் பள்ளிக்கூடம், ரியூசன், கொமினிகேஷன், வீடு என்று சுற்றிவருவதால் அந்த வைரஸ் சாவதே இல்லை. உங்கள் கோப்புகள் அழியவில்லை, ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஷோர்ட்கட்டைச் சொடுக்கினால் வைரஸ்தான் ஓடும். முதலில் டிஃபெண்டரால் பென் டிரைவைச் சோதியுங்கள். பிறகு போல்டர் ஒப்ஷன்ஸில், பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறைக்கும் தெரிவைத் தற்காலிகமாக எடுத்துவிடுங்கள். பெயரே இல்லாத ஒரு போல்டர் தெரியலாம்; அதற்குள் உங்களுடையவை இருக்கும். ஆவணங்களையும் படங்களையும் மட்டும் கணினிக்குப் பிரதி எடுத்து, பென் டிரைவை ஃபோர்மட் செய்யுங்கள்.

இன்னொன்று உண்மையிலேயே அவசரமானது. உங்கள் ஆவணங்கள், படங்கள் எல்லாவற்றின் பெயருக்கும் பின்னால் அறியாத ஒரு நீட்சி ஒரே மாதிரி ஒட்டியிருந்து, போல்டருக்குப் போல்டர் ரீட்மீ என்ற உரைக்கோப்பு பணம் கேட்டு நின்றால், அது ரான்சம்வேர், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ். திருட்டு மென்பொருளைத் திறக்கும் கிராக் கோப்புகளோடு வருவது அதிகம். உடனே வைஃபையைத் துண்டியுங்கள், பென் டிரைவ்களைக் கழற்றுங்கள், எதையும் அழிக்காதீர்கள். பூட்டப்பட்ட கோப்புகளை இன்னொரு டிஸ்க்கில் சேர்த்துவையுங்கள். 2016இல் நெதர்லாந்துப் பொலிசும் ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் சில வகைகளுக்கு இலவசத் திறவுகோல் கிடைக்கிறது. இன்று இல்லாத திறவுகோல் பின்னொரு நாள் வரலாம். அழித்துவிட்டால் அது வந்தும் பயனில்லை.

படி 6: இப்போது அழிக்கலாம்

முதலில் விண்டோஸையே கேளுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ். வரும் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்ற வரியில் சரிக்குறி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், இருந்தால் எடுத்துவிடுங்கள். உயர்தரக் கடந்தகால வினாத்தாள், வெளிநாட்டில் இருந்து அண்ணா அனுப்பிய ஆவணம், வட்ஸ்அப்பில் இருந்து இறக்கிய படம் என்று எங்கள் ஆட்களின் பாதி வாழ்க்கை டவுன்லோட்ஸ் போல்டரில்தான் கிடக்கிறது. பழைய விண்டோஸ் பதிப்பின் மிச்சம் என்று ஒரு வரி இருந்தால், புதிய பதிப்பு ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியான பிறகு அழிக்கலாம். பெரிய இடம் அதில்தான் திரும்பக் கிடைக்கும். எப்படியும் பத்து நாளில் விண்டோஸ் தானாக அதை அழிக்கும்.

மிஞ்சியவற்றுக்கு டெம்ப் போல்டருக்கு வாருங்கள். ஒரு வாரத்துக்கு முந்திய திகதியுள்ளவற்றை மட்டும் தெரிவுசெய்து, டிலீட் மட்டும் அழுத்துங்கள். ஷிஃப்ட்டோடு சேர்த்து அழுத்தினால் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேரே போய்விடும். பாவனையில் இருக்கிறது என்று விண்டோஸ் சொல்லும் கோப்பை ஸ்கிப் கொடுத்து விட்டுவிடுங்கள், வல்லடியாக அழிக்க வேண்டாம்.

கை வைக்கக் கூடாத இடங்களும் உண்டு. விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் இன்ஸ்டோலர் போல்டரைக் குப்பை என்று அழித்தால், பிறகு ஒரு மென்பொருளை நீக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. வின்எஸ்எக்ஸ்எஸ் போல்டரும் அப்படித்தான். பார்க்கப் பெரிதாகத் தெரியும், கையால் தொடவே கூடாது. பேஜ்ஃபைல் என்பது படி 1இல் சொன்ன துணை நினைவகம், அதையும் தொட வேண்டாம். பிரீஃபெட்ச் போல்டரைத் துடைத்தால் வேகம் வரும் என்று சிலர் சொல்வார்கள்; நிரல்களை விரைவாகத் திறப்பதற்காக விண்டோஸ் எழுதிவைத்த குறிப்பு அது, அழித்தால் அடுத்த தடவை இன்னும் மெதுவாகத்தான் திறக்கும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் எதையும் நான் யாருடைய கணினியிலும் போடுவதில்லை. மைக்ரோசொஃப்ட்டும் அவற்றை ஆதரிப்பதில்லை.

படி 7: இடம் வந்தும் வேகம் வரவில்லையா?

தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். 3 ஜிபி, 5 ஜிபிதான் கூடியது, கணினி அதே நடைதான் என்றால் காரணம் வேறு இடத்தில்.

டாஸ்க் மனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் அதன் ஆரோக்கியத்தைப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரித்தால் உடனே முக்கியமானவற்றைப் பிரதி எடுக்க வேண்டும், மற்ற வேலை பிறகு. டிஸ்க் நல்லதாகவே இருந்தாலும், பழைய கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி போடுவது எந்தச் சுத்திகரிப்பையும் விடப் பெரிய மாற்றத்தைத் தரும். கைக்காசைச் செலவழிக்க ஒரே ஒரு இடம் சொல் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு காரணமும் இருக்கிறது. நகரத்துக்கு ஒரு பக்கம் உட்துறைமுகம், மறு பக்கம் திறந்த கடல். உப்புக் காற்று எந்த வீட்டையும் விடுவதில்லை. வாடைக்காற்று மழைக் காலத்தில் ஈரமும் சேர்ந்து, விசிறியில் தூசு பசைபோல ஒட்டிவிடும், ரெம்மின் உலோக விளிம்பு மங்கிவிடும். சூடு ஏறினால் புரொசசர் தன்னைக் காக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரை ஓரமாக இருந்து வரும் கணினிகளைத் திறந்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறேன். ஆண்டுக்கு ஒரு தடவை, மழைக் காலம் முடிந்த பிறகு திறந்து துடைப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு வேலை: வேர்டில் தானாகச் சேமிக்கும் இடைவெளி இயல்பாக 10 நிமிடம் இருக்கும். ஒப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் அதை 2 நிமிடமாக்குங்கள். ஆவணத்தைக் கணினியிலேயே தட்டச்சு செய்து, முடிந்த பிறகு பென் டிரைவுக்குப் பிரதி எடுங்கள். பென் டிரைவில் இருந்தபடியே திறந்து வேலை செய்ய வேண்டாம். பிடுங்குவதற்கு முன் இஜெக்ட் கொடுங்கள்.

ரீசைக்கிள் பின்னை இன்று காலி செய்யாதீர்கள். ஒரு வாரம் கணினியை வழக்கம்போலப் பாவியுங்கள். வீட்டில் அந்தக் கணினியைத் தொடும் எல்லோரிடமும், அம்மாவிடமும் பிள்ளைகளிடமும், ஏதாவது காணவில்லையா என்று கேளுங்கள். யாரும் எதையும் தேடவில்லை என்றால் அப்போது காலி செய்யலாம்.